எண்பது வயதில் கல்லூரித் தோழர்களுக்கு எழுத என்ன செய்தி இருக்கிறது?

தங்கள் தந்தையுடன் பொறியியல் படித்தவர்கள் ஆண்டுதோறும் தத்தம் செய்திகளை எழுதித் தொகுத்துச் சுற்றுக்கு விடுகிறார்கள் என்றும், தந்தை எழுதத் தயங்குகிறார் என்றும், இந்த வயதில் எழுத என்னதான் இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வகுப்பின் தொகுப்பைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பணியில் இருந்த காலத்தைவிட இப்போதுதான் எழுத வேண்டியவை அதிகம்.

நாங்கள் 1963 இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து 1968 இல் படித்து முடித்தவர்கள். அண்ணா பல்கலைக்கழகம் உருவாக இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தமையால் எங்கள் பட்டங்களை வழங்கியது சென்னைப் பல்கலைக்கழகமே. நாங்கள் வெளியே வந்த நேரத்தில், முந்தைய ஆண்டுகளின் வறட்சியாலும் பொருளாதாரத் தேக்கத்தாலும் நாடு முழுவதும் பொறியாளர்களுக்கு வேலை கிடைப்பது அரிதாக இருந்தது. கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டோம். சிலர் பொதுப்பணித் துறைக்கும் மின்வாரியத்துக்கும், சிலர் நெய்வேலிக்கும் திருச்சி பாய்லர் ஆலைக்கும் போனார்கள். அமெரிக்கா 1965 இல் தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியிருந்ததால் மேற்படிப்புக்கென்று அங்கே போனவர்கள் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். தொடக்க கால மடல்களில் செயற்பொறியாளர், மேற்பார்வைப் பொறியாளர் என்று பதவி உயர்வுகளே நிறைந்திருந்தன. 58 வயதில் ஓய்வு பெற்றபின் பிள்ளைகளின் திருமணமும் பேரப்பிள்ளைகளின் படிப்பும் வந்தன. அவற்றைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. எல்லாருடைய மடலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது.

எழுபதைத் தாண்டிய பிறகுதான் மடல்கள் வேறுபடத் தொடங்கின. ஒரே வகுப்பில், ஒரே விடுதியில் இருந்தவர்களின் முதுமை எவ்வளவு வெவ்வேறானது என்பதை நான் அவற்றில்தான் அறிந்தேன். மாநில அரசுப் பணியில் இருந்தவருக்கு 80 வயது நிறைந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கிறது. வாழ்நாள் முழுவதும் தனியார் நிறுவனத்தில் உழைத்தவருக்கோ வருங்கால வைப்புநிதி வழியாக வரும் 1995 ஆம் ஆண்டுத் திட்டத்தின் ஓய்வூதியந்தான்; அதன் குறைந்தபட்ச அளவு மாதம் 1,000 ரூபாய். தன் நிலையை ஒருவர் மறைக்காமல் இரண்டு வரி எழுதியதால், அவருடைய கண் அறுவைச் சிகிச்சைக்கு வேண்டியதை மற்றவர்கள் சத்தமில்லாமல் செய்து முடித்தார்கள். அந்த இரண்டு வரி வந்திராவிட்டால் எங்களில் எவருக்கும் அது தெரிந்திருக்காது.

சின்னச் செய்திகளின் பயனும் சின்னதல்ல. உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்யும் ஓய்வூதியர் நேர்காணலுக்குக் கைரேகை பதியாமல் பலர் திரும்பத் திரும்ப அலைந்துகொண்டிருந்தபோது, முகத்தைக் காட்டியே வாழ்நாள் சான்றிதழ் பெறும் வசதி வந்திருப்பதை மதுரையில் இருக்கும் ஒரு தோழர்தான் படிப்படியாக விளக்கி எழுதினார். கோயம்புத்தூரில் முதியோர் குடியிருப்புக்கு மாறியவர், அங்கே சேரும்முன் எந்தெந்தச் செலவுகளைக் கேட்டுத் தெளிய வேண்டும் என்று எழுதியதைப் படித்துவிட்டு, அமெரிக்காவிலிருந்து திரும்ப நினைத்த ஒருவர் தம் முடிவை ஓராண்டு தள்ளிவைத்தார்.

ஆனால், என்னை மிகவும் பாதித்தவை வீட்டுக்குள்ளிருந்து வரும் செய்திகளே. தலைமைப் பொறியாளராக ஓய்வு பெற்ற ஒருவர், மறதி நோயால் துன்புறும் தம் மனைவிக்குத் தலைவாரிப் பின்னிவிடக் கற்றுக்கொண்டதைப் பற்றி எழுதினார். அவர் குடியிருக்கும் அடுக்ககத்தில் யாரிடமும் அதைச் சொன்னதில்லையாம். எங்களிடம் சொல்ல முடிந்ததற்குக் காரணம் எளிமையானது: அவரைப் பதினேழு வயதில் அறிந்தவர்களிடம், விடுதி உணவுக்கூடத்தில் தட்டேந்தி வரிசையில் நின்ற காலத்தில் அறிந்தவர்களிடம், காப்பாற்றிக்கொள்ள வேண்டிய பதவி மிடுக்கு எதுவும் அவருக்கு இல்லை. அவரை இன்னும் 'டேய்' என்று அழைக்க எஞ்சியிருப்பவர்களும் நாங்கள்தாம். அந்த மடலுக்கு வந்த மறுமொழிகளில் பாதி, அதே நிலையில் இருந்தும் அதுவரை வாய் திறவாதவர்களிடமிருந்து வந்தவை.

மறைந்தவர்களுக்கென ஒரு பகுதி உண்டு. 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று எழுதி முடித்துவிடுவதை நான் ஏற்பதில்லை. எந்த அணையில், எந்த மின்பாதையில் வேலை செய்தார், எதைப் பேசினால் அவர் முகம் மலரும் என்பதைத் தெரிந்தவரிடம் கேட்டு எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம். தோழர் மறைந்த பின்னும் அவர் மனைவியின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவதில்லை. முன்பெல்லாம் கணவரின் மடல் முடிவில் ஒரு வரியாக மட்டும் வந்த அந்தப் பெண்கள், இப்போது தங்கள் பெயரிலேயே எழுதுகிறார்கள். தொகுப்பில் மிக நேர்மையான பக்கங்கள் பல அவர்களுடையவை.

உங்கள் தந்தை தயங்குவது, சொல்லிக்கொள்ளும்படி ஏதும் செய்யவில்லை என்ற எண்ணத்தாலாக இருக்கலாம். அவர் அருகில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொடுங்கள். நடையைத் திருத்தாதீர்கள், உங்கள் சம்பளத்தையும் பதவியையும் அதில் சேர்க்காதீர்கள். காலையில் எழுந்ததும் என்ன செய்கிறார், யார் உடன் இருக்கிறார்கள், பழைய தோழர்களில் யாரைப் பற்றி அறிய விரும்புகிறார் என்று கேட்டால் போதும். கடைசிக் கேள்விக்கு அவர் ஒரு பெயரைச் சொன்னால் அதை எழுதுவதோடு நிறுத்தாமல், அன்றைக்கே அந்த எண்ணைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் இருவரையும் பேச வையுங்கள். அடுத்த ஆண்டுத் தொகுப்பு வரும்வரை காத்திருக்கும் வயது எங்களுக்கு இல்லை.