‘வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை’ என்கிறார் விற்பவர்: அந்த லென்ஸை எப்படி வாங்குவது?

கேள்வி: இணைய ஏலத் தளம் ஒன்றில் நான் பல மாதங்களாகத் தேடிய பழைய கேமரா லென்ஸ் வந்திருக்கிறது. விற்பவர் இருப்பது வேறு நாட்டில். ‘உள்நாட்டுக்குள் மட்டுமே அனுப்புவேன்’ என்று போட்டிருக்கிறார். ஏலம் முடிய இன்னும் ஐந்து நாள். ‘முதலில் ஏலத்தை ஜெயித்துவிடு, அப்புறம் பேசிப் பார்க்கலாம்’ என்கிறார் நண்பர். இல்லாவிட்டால் பார்சலை வாங்கி அனுப்பிவைக்கும் ஃபார்வர்டிங் நிறுவனத்தின் முகவரியைக் கொடுக்கச் சொல்கிறார். எது சரி?

பதில்: நண்பரின் முதல் யோசனையை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். ஏலம் கேட்டாலே விற்பவரின் நிபந்தனைகளைப் படித்து ஒப்புக்கொண்டதாகத்தான் தளம் எடுத்துக்கொள்ளும். ஜெயித்தபின் அவர் மறுத்தால் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. நீங்கள் பணம் கட்டாமல் விட்டால் அது உங்கள் கணக்கில் ஏறும். ஈபே போன்ற தளங்களில், பணம் கட்டாமல் விட்டவர்கள் தன் பொருளுக்கு ஏலம் கேட்க முடியாதபடி விற்பவர் தடுத்து வைக்கலாம். ஒரு லென்ஸுக்காக அடுத்த பத்து ஏலங்களைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். விற்பவர் உங்கள் நாட்டையே விலக்கி வைத்திருந்தால் ஏலம் கேட்கவே முடியாமலும் போகலாம்.

இரண்டாவது யோசனை அவ்வளவு மோசமில்லை. ஆனால் அதற்குப் போகுமுன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: விற்பவரிடம் கேட்பது. இன்றைக்கே.

விற்பவர்கள் மறுப்பதற்குப் பெரும்பாலும் நாட்டுப்பற்றோ பிடிவாதமோ காரணமில்லை. சிலர் பட்டியல் போடும்போது எளிதான தேர்வை அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு இருப்பது பயம். வெளிநாட்டுப் பார்சலுக்குச் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும். தபாலில் என்றால் சி.என். 22 அல்லது சி.என். 23. மலிவான தபால் சேவைகளில் டிராக்கிங் எண் எல்லையைத் தாண்டியதும் ஊமையாகிவிடும். வாங்கியவர் ‘வரவில்லை’ என்றால், வந்து சேர்ந்ததை நிரூபிக்க விற்பவரிடம் ஒன்றும் இருக்காது. பணமும் போகும், பொருளும் போகும். இதற்கு மேல், ‘பரிசு என்று எழுதி அனுப்புங்கள், விலையைக் குறைத்துப் போடுங்கள்’ என்று கேட்கும் ஆட்களிடம் ஒருமுறை மாட்டியவர் அடுத்த தடவை கதவையே சாத்திவிடுவார்.

அதனால் உங்கள் செய்தி அந்தப் பயத்துக்குப் பதில் சொல்வதாக இருக்க வேண்டும். எவ்வளவு காலமாகத் தேடுகிறீர்கள், தாத்தாவிடம் இதே லென்ஸ் இருந்தது என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘வணக்கம். நான் இன்ன நாட்டில், இன்ன அஞ்சல் குறியீட்டில் இருக்கிறேன். டிராக்கிங்கும் காப்பீடும் உள்ள சேவையில் அனுப்ப ஆகும் முழுச் செலவையும் நான் ஏற்கிறேன். சுங்கப் படிவத்தில் உண்மையான விலையையே எழுதுங்கள். வரி என் பொறுப்பு. சம்மதம் என்றால் இந்தப் பட்டியலில் என் நாட்டைச் சேர்க்க முடியுமா? முடியாவிட்டால் நான் ஏலம் கேட்க மாட்டேன்.’ கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தொல்லை தரமாட்டார் என்ற நம்பிக்கை அதில்தான் வருகிறது. விற்பவரின் மொழியில் எழுத முடிந்தால் இன்னும் நல்லது.

பட்டியலில் நாட்டைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘சரி, ஜெயியுங்கள், பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவர் வாய்மொழியாகச் சொன்னால், ஆர்டரில் ஒரு முகவரியும் பார்சலில் வேறொரு முகவரியும் வந்து நிற்கும். அப்படி நடந்தால் இரு தரப்புக்கும் பாதுகாப்பு போய்விடும். இணையப் பணப் பரிமாற்றச் சேவையான பேபால் விற்பவருக்குத் தரும் பாதுகாப்புக்கு, பரிவர்த்தனையில் பதிவான முகவரிக்கே அனுப்பியிருக்க வேண்டும் என்பது விதி. யாராவது ஏலம் கேட்கத் தொடங்கியபின் பட்டியலைத் திருத்துவதில் விற்பவருக்குக் கட்டுப்பாடுகள் கூடும் என்பதால் தாமதிக்காமல் எழுதுங்கள்.

அவர் திரும்பி, ‘தளத்துக்கு வெளியே முடித்துக்கொள்வோம், நண்பருக்கு அனுப்புவதுபோல பேபாலில் பணம் போடுங்கள்’ என்றால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அந்த வகைப் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது.

விற்பவரே வெளிநாட்டுக்கு அனுப்பாமல், தளமே அந்த வேலையை ஏற்பதும் உண்டு. ஈபே 2012-ல் இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்காவில் 2022-ல் அதற்குப் பதிலாக ஈபே இன்டர்நேஷனல் ஷிப்பிங் வந்தது. விற்பவர் பார்சலை அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும் ஒரு மையத்துக்கு அனுப்புவார். சுங்கம், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் அதன்பின் தளத்தின் பாடு; பொருள் மையத்தை ஒழுங்காகச் சேர்ந்துவிட்டால் பிறகு வழியில் நடப்பதற்கு விற்பவர் பொறுப்பில்லை. எல்லா நாடுகளுக்கும் எல்லாப் பொருள்களுக்கும் இது கிடையாது. இருந்தாலும், உங்கள் விற்பவர் அமெரிக்காவில் இருந்தால் செய்தியில் இதையும் ஒரு வரி சேருங்கள். தன் கணக்கில் அதை நிறுத்தி வைத்திருப்பதே சிலருக்கு நினைவிருக்காது.

சரி, அவர் மறுத்துவிட்டார் அல்லது பதிலே இல்லை. இப்போது ஃபார்வர்டிங்.

அந்த நிறுவனம் விற்பவரின் நாட்டில் உங்களுக்கென ஒரு எண்ணோடு முகவரி தரும். பார்சல் அங்கே வரும், பிறகு உங்களிடம் வரும். அமெரிக்க முகவரி என்றால், உங்கள் தபாலைப் பெற்றுக்கொள்ள நிறுவனத்துக்கு அதிகாரம் தரும் 1583 எண் படிவத்தை அடையாளச் சான்றுகளோடு நிரப்ப வேண்டியிருக்கும். ஏலம் முடிந்தபின் அதைத் தொடங்கினால் நாட்கள் ஓடிவிடும். ஓரிகான், டெலவேர் மாநிலங்களில் விற்பனை வரி இல்லை என்பதால் அங்கே முகவரி தரும் நிறுவனமாகப் பார்ப்பது லாபம். சில விற்பவர்கள் இத்தகைய முகவரிகளைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்து ஆர்டரை ரத்து செய்வார்கள். ஆகவே இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

ஃபார்வர்டிங் விளம்பரங்கள் அழுத்திச் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஈபேயின் பணம் திருப்பித்தரும் உத்தரவாதம் பார்சல் முதல் முகவரியைச் சேரும் வரைதான். அங்கிருந்து இன்னொரு முகவரிக்கு அனுப்பிவிட்டால் அந்த உத்தரவாதம் பொருந்தாது. உங்கள் கைக்கு வந்த லென்ஸில் பூஞ்சை இருந்தால் விற்பவரிடமும் கேட்க முடியாது, தளத்திடமும் கேட்க முடியாது. ‘வாங்கியபோதே அப்படித்தான் இருந்தது’ என்பார் ஃபார்வர்டர். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம்.

நானே ஒருமுறை இப்படிப் பட்டிருக்கிறேன். பேக்கலைட் என்ற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கில் உடம்புள்ள பழைய வானொலி. விற்பவர் மூன்றடுக்குக் குமிழ்த்தாளில் சுற்றி, பெரிய பெட்டியில் அருமையாகக் கட்டியிருந்தார். கூரியர் செலவைக் குறைக்க, ‘பெட்டியைச் சுருக்கித் தருகிறோம்’ என்ற வசதியை நான்தான் டிக் செய்தேன். சுருக்கினார்கள், குமிழ்த்தாளையும் சேர்த்து. வானொலி இரண்டு துண்டாக வந்தது. பழைய பொருளுக்குக் காப்பீடு செல்லாது என்று ஒரு விதியைக் காட்டினார்கள், அது நான் கையெழுத்திட்ட விதிதான்.

பெட்டியைச் சுருக்கும் ஆசை ஏன் வருகிறது என்றால், கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான முறை. அதில் வரும் கிலோவும் உண்மை எடையும், எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஒரு கிலோ லென்ஸை 40 x 30 x 30 பெட்டியில் போட்டால் 7.2 கிலோவுக்குக் காசு கட்டுவீர்கள். அதையே 25 x 20 x 20 பெட்டியில் போட்டால் 2 கிலோ. ‘சிறிய, உறுதியான பெட்டியில், லென்ஸைச் சுற்றி நான்கு விரல் அளவு மெத்தையோடு’ என்று விற்பவரிடமே ஆரம்பத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபார்வர்டரிடம் பிரிக்கவே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கண்ணாடிப் பொருளுக்கு என் முதல் விருப்பம் ஃபார்வர்டர் அல்ல, அந்த நாட்டில் இருக்கும் உறவினரோ நண்பரோதான். காரணம் செலவல்ல. பார்சல் அவர் வீட்டுக்கு வந்ததும் அவரே பிரித்து, இரு மூடிகளையும் கழற்றி, ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பார்க்கலாம். சிலந்திவலைபோல நூல் தெரிந்தால் பூஞ்சை. மூட்டமாகத் தெரிந்தால் உள்ளே படலம். ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரியத் தொடங்கியிருக்கின்றன. ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பட்டியலில் சொல்லாத குறை இருந்தால், பொருள் இன்னும் முதல் முகவரியில்தான் இருக்கிறது. உத்தரவாதத்தின் கீழ் அங்கிருந்தே திருப்பி அனுப்பலாம். ஈபேயில் அதற்குப் பொதுவாக 30 நாள் உண்டு. ஃபார்வர்டர்கள் கட்டணத்துக்குப் படம் எடுத்துத் தருவார்கள்தான். அந்தப் படங்களில் லென்ஸ் கறுப்பாக, வட்டமாக இருப்பது தெரியும். பூஞ்சை தெரியாது. அதே டார்ச் படங்களை ஏலம் கேட்குமுன் விற்பவரிடம் கேட்டு வாங்குவது எந்த வழியில் போனாலும் நல்லது. தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

உங்கள் ஏலம் ஜப்பானின் யாஹூ ஏலத் தளத்தில் என்றால் கதை வேறு. அங்கே வெளிநாட்டவர் பொதுவாக ஒரு பிராக்ஸி நிறுவனம் வழியாகத்தான் வாங்குகிறார்கள்: உங்கள் சார்பில் அவர்களே ஏலம் கேட்டு, தங்கள் கிடங்குக்கு வரவழைத்து, உங்களுக்கு அனுப்புவார்கள். இரண்டு தவணையாகப் பணம் கட்டுவீர்கள். முதலில் பொருள், கமிஷன், உள்நாட்டு அனுப்புசெலவு. பிறகு வெளிநாட்டு அனுப்புசெலவு. கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால் ஏலம் நீளும் ஏற்பாடு அங்கே உண்டு. கடைசி நொடியில் பாய்ந்து ஜெயிக்கும் வித்தை எப்போதும் எடுபடாது. ‘ஜங்க்’ என்று குறித்திருந்தால் எந்தப் புகாரும் செல்லாது என்று பொருள். நல்ல பொருளையே பயத்தில் ஜங்க் என்று போடுபவர்களும் இருக்கிறார்கள், அது சூதாட்டம்.

வரியை யாரும் ஏமாற்ற முயல வேண்டாம். விலையைக் குறைத்து எழுதினால், தொலைந்தால் கிடைக்கும் காப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான். குறைந்த விலைப் பார்சல்களுக்கு இருந்த சலுகைகளும் சுருங்கி வருகின்றன: ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையிலான மதிப்புக் கூட்டு வரி (வாட்) விலக்கு 2021 ஜூலை 1-ல் போனது; அமெரிக்காவுக்குள் வரும் 800 டாலர் வரையிலான பொருள்களுக்கு இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29-ல் நின்றது. பல நாடுகளில் பொருளின் விலையோடு அனுப்புசெலவையும் சேர்த்த தொகைக்குத்தான் வரி. ஏலப் பக்கத்தின் படத்தையும் ரசீதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுங்கம் கேட்டால் உடனே காட்டலாம்.

லென்ஸோடு கேமராவும் சேர்ந்து வருகிறதென்றால் பேட்டரியைக் கழற்றி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை. பழைய உறை முதலைத் தோல் என்று எழுதியிருந்தால் உறையே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கீழ் அனுமதிச் சீட்டு கேட்பார்கள், அதற்காக முழுப் பார்சலும் நிற்கும்.

இனி ஏலத்தொகை. இதைத் தலைகீழாகப் போடுங்கள். அந்த லென்ஸ் உங்கள் கையில் வந்து சேர அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள் என்று ஒரு தொகை எழுதுங்கள். அதிலிருந்து வெளிநாட்டு அனுப்புசெலவு, ஃபார்வர்டர் கட்டணம், நாணய மாற்றுக் கழிவு, வரி எல்லாவற்றையும் கழியுங்கள். ஃபார்வர்டர் வழி என்றால், திருப்பித்தர முடியாத பொருளை வாங்குகிறீர்கள் என்பதற்காக இன்னும் கொஞ்சம் கழியுங்கள். நான் கால் பங்கு கழிப்பேன். மிச்சம்தான் உங்கள் உச்சத்தொகை. தளம் தானே படிப்படியாக ஏற்றிக்கொள்ளும் என்பதால் அதை ஒரே தடவையாகப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுங்கள். ஆயிரக்கணக்கில் தயாரான மாடல் என்றால் அது மறுபடியும் ஏலத்துக்கு வரும், ஒருவேளை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒருவரிடமிருந்தே.

உங்களுக்கு ஐந்து நாள் இருக்கிறது. இன்று செய்தி அனுப்புங்கள். இரண்டு நாளில் பதில் வராவிட்டால் அந்த நாட்டில் யாராவது தெரிந்தவர் இருக்கிறாரா என்று பாருங்கள். மூன்றாம் நாள்தான் ஃபார்வர்டர், அதுவும் டார்ச் படங்கள் கைக்கு வந்திருந்தால் மட்டும்.