நீந்தும் நத்தைகள்: கேட்டதும் சொன்னதும்

அக்கா, கடல் தேவதை என்று ஒரு வீடியோ பார்த்தேன். கண்ணாடி மாதிரி உடம்பு, இரண்டு சிறகு. அதைப் போய் நத்தை என்கிறார்களே, ஓடே இல்லையே?

நத்தையேதான் தம்பி. நீங்கள் பார்த்தது கிளையோனாக இருக்கும், குளிர்கடல்களில் வாழ்வது. குஞ்சாக இருக்கும்போது அதற்கும் ஓடு உண்டு, சில நாளிலேயே உதறிவிடும். சிறகு என்று சொல்கிறோமே, அது நத்தையின் கால்தான். தோட்டத்து நத்தை எந்தச் சதைமேல் ஊர்ந்து போகிறதோ, அதே சதை இங்கே இரண்டு பக்கமும் விரிந்து துடுப்பாகிவிட்டது. இந்தக் கூட்டம் மொத்தத்துக்கும் பெயர் டெரோபாட்.

கடல் வண்ணத்துப்பூச்சி என்பதும் இதுதானா?

இல்லை. வண்ணத்துப்பூச்சிக்கு ஓடு உண்டு, தேவதைக்குக் கிடையாது, அதோடு தேவதை வண்ணத்துப்பூச்சியைத் தின்னும்! பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. வளர்ந்த கிளையோனுக்குச் சாப்பாடு பெரும்பாலும் லிமாசினா என்ற கடல் வண்ணத்துப்பூச்சிதான், அதாவது ஓடுள்ள டெரோபாட். இரை பக்கத்தில் வந்ததும் தலை பிளந்து ஆறு கைகள் போன்ற கூம்புகள் வெளியே பாயும், லிமாசினாவின் ஓட்டைப் பிடித்து, வாய்ப்பக்கம் தன்னை நோக்கி வரும்படி திருப்பி, கொக்கிகளை உள்ளே விட்டுச் சதையை முழுசாக இழுத்துவிடும். ஓடு காலியாகக் கீழே போகும். இரை கிடைக்காவிட்டால்? ஆய்வகத்தில் கிட்டத்தட்ட ஒரு வருடம் பட்டினி கிடந்து உயிரோடு இருந்திருக்கிறது, உடம்பு மட்டும் சுருங்கிக்கொண்டே போகும்.

லிமாசினா அப்படியெல்லாம் துரத்தாது. தன் உடம்பைப் போல் பல மடங்கு அகலத்துக்குச் சளியால் ஒரு வலை விரித்து அசையாமல் தொங்கும், ஒட்டுகிற நுண்ணுயிர்களை வலையோடு சேர்த்து விழுங்கும். யாராவது தொந்தரவு செய்தால் வலையை விட்டுவிட்டு, சிறகை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு கல் மாதிரி மூழ்கிவிடும்.

ஒன்றை ஒன்று தின்கிறது, ஒன்றுக்கு ஓடு இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை. அப்புறம் எப்படி ஒரே குடும்பம்?

இதே சந்தேகம் விஞ்ஞானிகளுக்கே நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. 1804-இல் பிரெஞ்சுக்காரர் கூவியே இவற்றைத் தனி வகுப்பாகவே வைத்தார், நத்தைகளோடு சேர்க்கவில்லை. 1880-களில் பெல்ஜியத்தின் பெல்செனீர், உலகக் கடல்களை ஆராயப் போன சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த மாதிரிகளை அறுத்துப் பார்த்து, இவை நத்தைகள்தான், ஆனால் ஓடுள்ளதும் ஓடில்லாததும் வேறு வேறு மூதாதையரிடமிருந்து வந்தவை என்றார். முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை ரொம்ப காலம் எல்லோரும் நம்பினார்கள், நானும் அதைத்தான் பாடப் புத்தகத்தில் படித்தேன். 2006-இல் மரபணுவை ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே கிளை என்று வந்தது. 2020-இல் இன்னும் நிறைய மரபணுக்களை வைத்துச் செய்த ஆய்வும் அதையே உறுதி செய்தது, கிளை தொடங்கியது கிரெட்டேசியக் காலத்தின் முற்பகுதி என்றும் சொன்னது. அதாவது டைனோசர் காலத்து ஆட்கள். நெருங்கிய சொந்தம் யார் தெரியுமா? கடலடியில் பாசி மேயும் கடல் முயல் என்ற நத்தைகள்.

அப்படியென்றால் கடலில் நீந்துகிற நத்தை எல்லாமே டெரோபாட்தானா?

அங்கேதான் கவனம் வேண்டும். ஹெட்டிரோபாட் என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது. அட்லாண்டா, காரினேரியா எல்லாம் அதில் வரும். அவையும் நீந்தும், ஆனால் மல்லாந்து, ஒரே துடுப்பை அசைத்துக்கொண்டு, பெரிய கண்ணால் இரை தேடிக்கொண்டு. அவை வந்த வழி முற்றிலும் வேறு, சங்கும் சோழியும் இருக்கிற பெரிய கிளையைச் சேர்ந்தவை. நீந்துகிறது என்பதை மட்டும் வைத்து உறவு சொன்னால் திமிங்கலமும் மீன்தான்! இன்னொன்று ஊதா நத்தை, அது நீந்துவதே இல்லை, சளியில் குமிழி கட்டி அதில் தொங்கிக்கொண்டு மிதக்கிறது.

சிறகடிப்பது உண்மையில் பறப்பது மாதிரியா, சும்மா கவிதையா?

கவிதை இல்லை. 2016-இல் அமெரிக்காவில் அதிவேகக் கேமராவில் லிமாசினாவைப் படமெடுத்தார்கள். சிறகு முனை எட்டு போட்டது, பூச்சி பறப்பதும் அப்படித்தான். அந்த அளவு சின்ன மற்ற உயிர்கள் பெரும்பாலும் நீரைப் பின்னால் தள்ளித்தான் நகரும்.

ஆண், பெண் உண்டா?

லிமாசினா முதலில் ஆண், வளர்ந்த பிறகு அதுவே பெண்.

கடல் அமிலமாகி இவற்றின் ஓடு கரைகிறது என்று படித்தேன். எவ்வளவு உண்மை?

உண்மை, ஆனால் செய்தித் தலைப்பு அளவுக்கு எளிதல்ல. இவற்றின் ஓடு அரகோனைட். அதுவும் சுண்ணாம்புதான், ஆனால் கால்சைட் என்ற இன்னொரு சுண்ணாம்பு வடிவத்தை விடச் சீக்கிரம் கரையும். நாம் விடுகிற கார்பன் டை ஆக்சைடைக் கடல் உறிஞ்சும்போது ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைகிறது. அண்டார்டிக்கைச் சுற்றிய கடலில் 2008-இல் பிடித்த உயிருள்ள லிமாசினாக்களின் ஓட்டிலேயே அரிப்பு இருந்தது, அந்த ஆய்வு 2012-இல் வந்தது. அதே சமயம் ஓட்டின் மேல் ஒரு மெல்லிய தோல் இருக்கிறது, அது கிழியாத இடத்தில் அரிப்பு குறைவு. கிழிந்த இடத்தில் உள்ளிருந்து புது அடுக்கு பூசி ஒட்டுப்போடவும் இவற்றால் முடிகிறது. அதற்குச் செலவாகும் சக்தி வேறெங்கோ குறையத்தானே செய்யும்? என் கவலை அதில்தான், நாளைக்கே எல்லாம் கரைந்துவிடும் என்பதில் இல்லை.

இவற்றால் யாருக்கு என்ன பயன் மேடம்?

வட பசிபிக்கில் பிங்க் சால்மன் மீனுக்கு லிமாசினா முக்கியமான தீனி. அண்டார்டிக்கில் இன்னும் வேடிக்கை: இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பொடி உயிரி உயிருள்ள கிளையோனைப் பிடித்து முதுகில் சுமந்து திரிகிறது. கிளையோன் உடம்பில் மீனுக்குப் பிடிக்காத ஒரு வேதிப்பொருள் இருக்கிறது, கடித்த மீன் துப்பிவிடும். சுமக்கிறவனுக்குப் பாதுகாப்பு, சுமக்கப்படுகிறவனுக்குச் சாப்பாடுகூட இல்லை. இதைக் கூட்டு வாழ்க்கை என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும், இது கடத்தல்.

நம் பக்கக் கடலில் உண்டா? தொட்டியில் வளர்க்கலாமா?

உண்டு. கிளையோன் இல்லை, வெப்பக் கடல் வகைகள், ஊசி மாதிரி நீண்ட ஓடுள்ள கிரீசிஸ் போன்றவை. அந்தமான் கடலடி வண்டலில் புதைந்த டெரோபாட் ஓடுகளை வைத்துப் பழைய காலக் கடலின் நிலையைக் கணிக்கிறார்கள். தொட்டி ஆசையை விட்டுவிடுங்கள். ஓடுள்ள வகைகளை ஆய்வகங்களிலேயே வளர்க்கத் திணறுகிறார்கள், வலை விரிக்க அதற்கு இடம் வேண்டும், கண்ணாடிச் சுவரில் இடித்தே செத்துப்போகும்.