6,000 டி-ஷர்ட் ஆர்டர்: பண்டலா, லைனா?

கேள்வி: திருப்பூரில் 10 டெய்லர்களை வைத்து ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைப்பது) செய்கிறேன். ஓவர்லாக் (துண்டுகளைச் சேர்த்து ஓரம் அடிப்பது) 5, ஃபிளாட்லாக் (மடிப்பு அடிப்பது) 3, சிங்கிள் நீடில் (சாதாரண ஒற்றை ஊசித் தையல்) 2 மெஷின்கள் இருக்கின்றன. இதுவரை 200, 500 பீஸ் என்று சின்ன ஆர்டர்கள்தான். வெட்டிய துண்டுகளைப் பண்டல் கட்டி, ஒரு வேலை முழுப் பண்டலுக்கும் முடிந்ததும் அடுத்தவருக்குக் கொடுத்துத் தைக்கிறோம். இப்போது ஒரே மாடலில் ரவுண்ட் நெக் அரைக்கை டி-ஷர்ட் 6,000 பீஸ், 30 நாளில் கேட்கிறார்கள். மெஷின்களை வேலை வரிசையில் போட்டு, பீஸைக் கொஞ்சம் கொஞ்சமாக அடுத்தவருக்கு நகர்த்தும் லைன் முறைக்கு மாறலாமா?

பதில்: இந்த ஆர்டருக்கு மாறலாம். சின்ன ஆர்டர்களுக்கு வேண்டாம். மெஷின்களை நகர்த்துவதற்கு முன் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வேலைக்கும் பத்துப் பீஸ் தைக்கவிட்டு, சராசரி நேரத்தை எழுதுங்கள்.

உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ரிப்பை (கழுத்துப் பட்டைக்கான இழுபடும் துணி) வளையமாக மூட்டுவது 0.30 நிமிடம், தோள் சேர்ப்பது 0.45, கழுத்தில் ரிப் ஏற்றுவது 0.55, பின்கழுத்து டேப் 0.90, லேபிள் 0.30, கை மடித்து அடிப்பது 0.60, கை ஏற்றுவது 0.90, சைடு அடிப்பது 1.00, பாட்டம் மடிப்பு 0.60. ஒன்பது வேலை, மொத்தம் 5.60 நிமிடம். பத்துப் பேர், எட்டு மணி நேரம் என்றால் 4,800 நிமிடம். அதை 5.60-ஆல் வகுத்தால் 857 பீஸ். நூல் அறுவது, பாபின் மாற்றுவது, பீஸ் எடுத்து வைப்பது எல்லாம் போக பாதித் திறனில் ஓடினாலும் 428 பீஸ் வரும், 14 நாளில் முடித்துவிடலாம் என்றுதான் கணக்கு சொல்லும். பலர் இந்த இடத்தில் ஆர்டரை ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். தப்பு இங்கேதான் நடக்கிறது.

மெஷின் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ரிப் மூட்டுவது, டேப், லேபிள் மூன்றும் சிங்கிள் நீடில் வேலை, சேர்ந்து 1.50 நிமிடம். உங்களிடம் இருப்பது இரண்டு மெஷின், ஆக ஒரு பீஸுக்கு 0.75 நிமிடம். ஃபிளாட்லாக்கில் கை மடிப்பும் பாட்டமும் சேர்ந்து 1.20 நிமிடம்தான், மூன்று மெஷினுக்குப் பகிர்ந்தால் 0.40. அதாவது ஃபிளாட்லாக் டெய்லர் பாதி நேரம் பீஸுக்காகக் காத்திருப்பார், சிங்கிள் நீடிலில் பீஸ் குவிந்து கிடக்கும். மொத்த ஆலையும் அந்த இரண்டு மெஷினின் வேகத்தில்தான் ஓடும்: 480-ஐ 0.75-ஆல் வகுத்தால் 640, பாதித் திறனில் 320 பீஸ். 14 நாள் இப்போது 19 நாள் ஆகிவிட்டது.

ஒரு ஃபிளாட்லாக்கை நிறுத்திவிட்டு, சிங்கிள் நீடில் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். அந்த டெய்லரையே அதில் உட்கார வைக்க முடிந்தால் ஆள் செலவும் கூடாது. மூன்று மெஷினில் அந்த வேலை 0.50 நிமிடத்துக்கு இறங்கும். ஃபிளாட்லாக் இரண்டில் 0.60. ஓவர்லாக்கில் தோளுக்கு ஒன்று, கழுத்தில் ரிப் ஏற்ற ஒன்று, மீதி மூன்றும் கையையும் சைடையும் பகிர்ந்துகொண்டால் 1.90-ஐ மூன்றால் வகுத்து 0.63. இனி வேகத்தைத் தீர்மானிப்பது இதுதான். பாதித் திறனில் நாளுக்குச் சுமார் 380 பீஸ், 16 நாள். ஒரே ஒரு மெஷினை மாற்றியதில் மூன்று நாள் மிச்சம்.

இந்தத் தடை பண்டல் முறையிலும் உண்டு. ஆனால் அங்கே பண்டல்கள் அடுக்கி இருப்பதால் எல்லோரும் மும்முரமாக வேலை செய்வதுபோலத் தெரியும், கண்ணில் படாது. 25 பீஸ் பண்டல், ஒவ்வொரு வேலைக்கு முன்னும் இரண்டு பண்டல் காத்திருக்கிறது என்றால் ஒன்பது வேலைக்கு 450 பீஸ் தரையில் நிற்கிறது. ஒரு நாள் உற்பத்தியைவிட அதிகம். ரிப்பை இழுத்துப் பிடித்து ஏற்றியதால் கழுத்தில் சுருக்கம் விழுகிறது என்பது செக்கிங்கில் தெரியவரும்போது சில நூறு பீஸ் தாண்டியிருக்கும். ரிப் ஏற்றிய கழுத்தைப் பிரிப்பது எளிதல்ல. துணியில் ஊசித் துளை நின்றுவிடும். லைனில் ஐந்தைந்து பீஸாக நகர்த்தினால் இடையில் 45 பீஸ்தான் நிற்கும். தப்பு ஒரு மணி நேரத்துக்குள் கடைசி ஆளிடம் வந்து நிற்கும். எங்கள் பார்வையில் லைனின் பெரிய லாபம் வேகமல்ல, இதுதான்.

ஒவ்வொரு பீஸாக நகர்த்தும் முறை உங்களுக்கு இப்போது வேண்டாம். ஒரு டெய்லர் டீ குடிக்க எழுந்தாலே அடுத்தவர் கை நின்றுவிடும். ஐந்து பீஸ் இடைவெளி அந்தச் சின்னத் தடங்கலைத் தாங்கும். ஒருவர் லீவு போட்டால் எதுவும் தாங்காது. அதனால் தோள் தைக்கிறவருக்குச் சைடும், லேபிள் வைக்கிறவருக்கு டேப்பும் முன்கூட்டியே பழக்கிவிடுங்கள். ஒரே டெய்லர் முழு டி-ஷர்ட்டையும் முடிக்கும் முறை சாம்பிளுக்கு மட்டும் நல்லது. மூன்று வகை மெஷினுக்கும் அவரே மாறி மாறி உட்கார வேண்டும், மற்ற இரண்டும் அந்நேரம் சும்மா இருக்கும்.

சின்ன ஆர்டருக்கு லைன் ஏன் வேண்டாம்? வரிசை மாற்றி, நூல் கோத்து, தையல் டென்ஷன் சரிசெய்ய அரை நாள் போய்விடும். கை பழகி முழு வேகம் வர மூன்றாவது, நான்காவது நாள் ஆகும். 300 பீஸ் ஆர்டர் அதற்கு முன்பே முடிந்துவிடும். ஒரே மாடல் ஐந்து, ஆறு நாளாவது ஓட வேண்டும். உங்கள் அளவுக்கு அது 2,000 பீஸுக்கு மேல். முதல் நாட்களின் மந்தத்துக்கு 16 நாளோடு இரண்டு நாள் கூட்டி, தையலுக்கு 18 நாள் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிங் இரண்டு நாள் முந்தியும், அயர்னிங், பேக்கிங் மூன்று நாள் பிந்தியும் ஓடும். வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை போனால் 30 நாளில் உங்கள் கையில் மிச்சம் இருப்பது மூன்று நாள்தான். நெஞ்சில் பிரிண்ட் உண்டா என்று இப்போதே கேளுங்கள். வெளியே போகும் முன்பாகம் திரும்பி வர ஒரு நாள் தாமதித்தாலும் லைன் முழுதும் நிற்கும். ஒரு நாள் சரக்கு கையில் சேர்ந்த பிறகே தையலைத் தொடங்குங்கள்.

துணி விஷயத்தில் மூன்றை விட்டுவிடாதீர்கள். லைக்ரா கலந்த துணியென்றால் விரித்து ஒரு நாள் தளரவிட்டுத்தான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் வெட்டிய பிறகு அளவு சுருங்கும். ரிப் நீளம் கழுத்துச் சுற்றளவைவிட 10 முதல் 15 சதவீதம் குறைவாக இருக்கட்டும். துணிக்குத் துணி மாறும், சாம்பிளில் பார்த்து முடிவு செய்யுங்கள். ஊசி பால் பாயிண்ட் ஆகத்தான் இருக்க வேண்டும். கூர் ஊசி பின்னலை அறுக்கும், அந்த ஓட்டை துவைத்த பிறகே தெரியும். பண்டல் இல்லாததால் ஷேடு (துணிக்குத் துணி இருக்கும் லேசான நிற வேறுபாடு) கலந்துவிடும் ஆபத்தும் லைனில் அதிகம். முன், பின், கை எல்லாவற்றிலும் ஒரே நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி, கை ஏற்றுகிறவர் நம்பர் பார்த்தே எடுக்கும்படி செய்யுங்கள்.

கூலியை இப்போதே பேசிவிடுங்கள். பீஸ் ரேட்டில் இருந்த வேகமான டெய்லர், பக்கத்து ஆள் மெதுவாக இருப்பதால் தன் வருமானம் குறைகிறது என்று இரண்டாவது வாரம் கிளம்பிவிடுவார். ஷிப்ட் கூலியை நிலையாகக் கொடுத்து, நாளுக்கு 350-ஐத் தாண்டும் நல்ல பீஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகையை முழு லைனுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுங்கள். செக்கிங்கில் தேறிய பீஸை மட்டும் எண்ணுங்கள். பத்துப் பேருக்கும் தெரியும் இடத்தில் மணிக்கு மணி எண்ணிக்கையைப் பலகையில் எழுதுங்கள். 47 வர வேண்டிய மணியில் 30 வந்தால் அந்த மணியிலேயே எந்த மெஷின் என்று போய்ப் பாருங்கள்.