விளக்கேற்றிவிட்டால் போதுமா?

கேள்வி: பக்கத்துச் சிங்களப் பாடசாலையையும் முஸ்லிம் பாடசாலையையும் சேர்த்துக்கொண்டு சர்வமதக் கலைவிழா நடத்துகிறோம். பரதம், கண்டிய நடனம், கரோல், இஸ்லாமிய கீதம் எல்லாம் உண்டு. நிகழ்ச்சிநிரலை இணைத்திருக்கிறேன். மதங்களுக்கிடையே கலை ஒரு பாலம் என்பதை ஏற்கிறீர்களா?
– ஓர் ஆசிரியர், ஹட்டன்

பதில்: நிரலைப் பார்த்தேன் சேர். மதத் தலைவர்கள் விளக்கேற்றி ஆசியுரை வழங்க முக்கால் மணி நேரம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு எட்டு நிமிடம். அதிலும் தமிழ்ப் பிள்ளை பரதம் ஆடும், சிங்களப் பிள்ளை கண்டிய நடனம் ஆடும், முஸ்லிம் பிள்ளை கீதம் பாடும். பிறகு அவரவர் பஸ்ஸில் ஏறி அவரவர் வீடு. அடுத்தடுத்து ஆடினால் கலந்துவிட்டோம் என்று யார் சொன்னது?

கம்பளைப் பக்கம் கடலாதெணிய விகாரைக்குப் பிள்ளைகளை ஒருநாள் கூட்டிப் போங்கள். 1344இல் எழுந்தது. புத்தருக்கு அந்தக் கற்கோயிலைக் கட்டிய ஸ்தபதி கணேஸ்வராச்சாரி என்று கல்வெட்டே சொல்கிறது. தூண்களைப் பார்த்தால் தென்னிந்தியக் கோயில் மண்டபம்தான். கிட்டத்தில் லங்காதிலக விகாரை, அதே காலம். பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் வெட்டியிருக்கிறார்கள். முன்னால் புத்தர், அதே கட்டடத்தில் விபீஷணனுக்கும் கணபதிக்கும் சந்நிதி. நல்ல கல்வேலை தெரிந்த ஆள் தேவைப்பட்டது, கூப்பிட்டார்கள், வந்து செய்தார். ஆசியுரை இருந்ததா என்று கல்வெட்டில் இல்லை!

இத்தனையும் இருக்கிற அதே கண்டி மாவட்டத்தில்தான் 2018 மார்ச்சில் திகனயிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எந்தத் தூணும் ஓடிவந்து மறிக்கவில்லை. கலைக்கு அந்தப் பலம் உண்டென்று பிள்ளைகளிடம் பொய் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் நிரலில் தப்பு மேளம் எங்கே? மாசி மாதம் தேயிலைத் தோட்டத்தில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து தப்பு இல்லாமல் நடக்குமா? ரதி அழும்போது அடி ஒரு மாதிரி, வீரபத்திரன் இறங்கும்போது வேறு மாதிரி. விடியற்காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்துக்கு நம் பாட்டன் பாட்டிமாரை எழுப்பியதும் அதே தப்புத்தான். அதை அடிக்கிறவரைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தி, சாவு வீட்டுக்கு மட்டும் ஆள் அனுப்பியது பிற மதத்தவரா? நாம்தானே! (விகாரையிலும் தெய்வங்களுக்கான தேவாலேயிலும் பெர என்ற சிங்கள மேளம் அடிக்கிறவர்களைச் சிங்களச் சமூகமும் சாதியில் கீழேதான் வைத்தது. இருவரையும் ஒரு மேசையில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தால் மதத்தைப் பற்றியா பேசுவார்கள்?)

ஆகவே கேட்டதற்கு நேரான பதில்: ஒருவர் வித்தையை மற்றவர் குனிந்து கற்றுக்கொள்ளும்போது ஏற்கிறேன், ஒருவர் ஆட மற்றவர் கைதட்டும்போது இல்லை. பாடசாலையிலும் தமிழ் மொழிமூலம் என்றால் பரதம், சிங்கள மொழிமூலம் என்றால் கண்டிய நடனம் என்று பிள்ளை ஆறாம் வகுப்பிலேயே பிரிந்துபோகிறது. உங்கள் விழாவாவது அதை மாற்றட்டும். விளக்கேற்றலை ஐந்து நிமிடத்தில் முடியுங்கள். தோட்டத்துத் தப்புக்காரர் ஒருவரையும் பெர அடிப்பவர் ஒருவரையும் அழைத்து ஒரு தவணை பழக்கச் சொல்லுங்கள். சிங்களப் பிள்ளை தப்பை நெருப்பில் காய்ச்சட்டும். முஸ்லிம் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் பெரவை இடுப்பில் கட்டிக்கொண்டு தாளம் தவறித் தவறி அடிக்கட்டும். மேடைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை.

பழக்க வருகிற இருவருக்கும் சம்பளம் கொடுங்கள். பிரதம விருந்தினருக்கு ஒதுக்கிய பொன்னாடைக் காசையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.