தாத்தாவோட வேட்டை ரைபிள்: உப்புத்தாளை எடுக்கறதுக்கு முன்னாடி

ஒரு வாசகர் கேட்டிருக்கார்: தாத்தா வேட்டைக்கு வச்சிருந்த போல்ட் ரைபிள் என் கைக்கு வந்திருக்கு, நூறு வருஷத்துக்கு மேல பழசுங்கறாங்க, லைசென்ஸ் எல்லாம் என் பேருக்கு மாத்தியாச்சு, குழல்ல அங்கங்க செந்துரு, கட்டை கருப்படிச்சு பிசுபிசுன்னு இருக்கு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு ப்ளூயிங் (இரும்பு மேல ஏத்தற கருநீலப் பூச்சு) பண்ணி வார்னிஷ் அடிச்சு புதுசு மாதிரி ஆக்கிடலாமா, அப்புறம் அதுல சுடலாமா?

உப்புத்தாள் வேணாம், வார்னிஷும் வேணாம். சுடறத பத்தி கடைசில வர்றேன்.

லைசென்ஸ முதல்லயே பாத்துட்டீங்க, நல்லது, நிறைய பேர் அத தான் மறக்கறாங்க. அடுத்தது, துப்பாக்கி காலியா இருக்கான்னு நீங்களே பாக்கணும். வீட்ல சொன்னாங்கன்னு நம்பிடாதீங்க. போல்ட்டை, அதாவது குழலுக்குப் பின்னாடி இழுத்து மூடற பாகத்த, திறந்து தோட்டா போற அறைய டார்ச் அடிச்சுப் பாருங்க, மேகசின்லயும் பாருங்க, உள்ள ஏதாச்சும் சிக்கிட்டு இருந்தா தட்டி எடுக்காம துப்பாக்கி ரிப்பேர் பண்ற கன்ஸ்மித் கிட்ட கொண்டு போயிடுங்க. இத படிக்கற வேற யார்கிட்டயாவது வாய் வழியா மருந்து கெட்டிக்கிற மாடல் இருந்தா இன்னும் ஜாக்கிரதை. ஒரு மரக்குச்சிய குழலுக்குள்ள முட்டற வரைக்கும் விட்டு, வாய் விளிம்புல கோடு போட்டு, வெளிய எடுத்து குழல் மேலயே வச்சுப் பாக்கணும், குச்சி முனை குழலோட பின்பக்கம் வரைக்கும் போகாம முன்னாடியே நின்னுச்சுன்னா உள்ள பழைய லோடு இருக்கலாம். கருமருந்து, அதாவது அந்தக் காலத்து வெடிமருந்து, ஈரம் படலன்னா எத்தனை தலைமுறை கழிச்சும் பத்திக்கும்.

கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, முக்கியமா குழல் அடிப்பக்கம் இருக்கற சின்னச் சின்ன முத்திரைகள. அதெல்லாம் ப்ரூஃப் முத்திரை, அதிக பவர் லோடு போட்டு சோதிச்சுப் பாத்ததுக்கான அடையாளம். பர்மிங்ஹாம்ல 1813ல இருந்தே இதுக்குன்னு தனி ப்ரூஃப் ஹவுஸ் இருக்கு, பெல்ஜியத்துல லியேஜ் ஊர்ல சோதிச்சதுன்னா நீள்வட்டத்துக்குள்ள ஈ, எல், ஜி எழுத்து இருக்கும். உங்க ரைபிள் எங்க செஞ்சது, ஏறக்குறைய எந்தக் காலம்னு இத வச்சு தான் கண்டுபிடிக்க முடியும், உப்புத்தாள் ரெண்டு இழுப்பு இழுத்தா அதுவே மழுங்கிடும். சேகரிக்கறவங்க பாக்கறதும் முத்திரை, கூர் மழுங்காத விளிம்பு, ஒரிஜினல் பூச்சு இதெல்லாம் தான், பளபளப்ப இல்ல.

இப்ப துரு. ரெண்டு வகை இருக்கு, இத பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. வழவழன்னு சாக்லேட் கலர்ல, விரல் வச்சுத் தேய்ச்சா ஒட்டாம இருக்கறது வயசான தோல், அத விட்டுடுங்க. ஆரஞ்சா பொடிப்பொடியா விரல்ல ஒட்டறது தான் இன்னும் இரும்ப தின்னுக்கிட்டு இருக்கறது. அது மேல மெல்லிசான மெஷின் ஆயில் போட்டு ஒரு நாள் ஊற விட்டு, 0000 நம்பர் ஸ்டீல் வுல்ல எண்ணெயோடயே லேசா தேய்ங்க, அழுக்கு எண்ணெய துடைச்சுத் துடைச்சுப் பாருங்க, துருவுக்கு அடியில பழைய ப்ளூயிங் தெரிஞ்சா அங்கயே நிறுத்திடணும்.

துரு நிறைய இருந்தா வேற வழி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சதும் அது தான். கட்டையெல்லாம் கழட்டிட்டு வெறும் குழல மட்டும் எண்ணெய்ப் பசை சுத்தமா போக கழுவி, டிஸ்டில்டு வாட்டர்ல முழுசா முங்கற மாதிரி போட்டு அரை மணி நேரம் கொதிக்க வைக்கணும். செந்துரு மெதுவா நிறம் மாறி வெல்வெட் மாதிரி கருப்பாகும், அது மேக்னடைட், அதாவது இரும்போட கருப்பு ஆக்சைடு. வெளிய எடுத்து சூட்டோட ஈரத்த ஓட்டி, எண்ணெய் இல்லாத ஸ்டீல் வுல்ல தேய்ச்சா மேல இருக்கற கருப்புத்தூள் உதிர்ந்து அடியில கெட்டியா ஒரு படலம் நிக்கும். அந்தக் காலத்து துரு ப்ளூயிங்குக்கும் அடிப்படை இதே தான். கடைசியா சூடு ஆறறதுக்குள்ள உள்ளயும் வெளியயும் எண்ணெய் பூசிடுங்க. இப்ப ஃபேக்டரில பண்ற ஹாட் ப்ளூயிங் காஸ்டிக் சோடா கலந்த உப்புக் கரைசல்ல, ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ்ல பண்றது, ஈயப்பத்து வச்சு ஒட்டின பார்ட்ஸ் இருந்தா அந்தக் கரைசல் பத்தையே அரிச்சுடும், அதனால பழசுக்கு அது சரிப்படாது, வீட்ல பண்ற வேலையும் இல்ல.

ஸ்க்ரூ விஷயத்துல தான் நிறைய பேர் துப்பாக்கிய கெடுக்கறாங்க. சாதா ஸ்க்ரூடிரைவர் முனை ஆப்பு மாதிரி சரிஞ்சு இருக்கும், பழைய துப்பாக்கி ஸ்க்ரூவோட காடி மெல்லிசா நேரா இருக்கும், வச்சு முறுக்கினா வழுக்கி காடி கிழிஞ்சுடும். கன்ஸ்மித் வேலைக்குன்னு வர்ற பிட் வாங்குங்க, காடில இறுக்கமா உக்காரணும். இறுகிப் போனதுக்கு பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ராத்திரி பூரா விட்டுட்டு, மறுநாள் சோல்டரிங் அயர்ன ஸ்க்ரூ தலைல வச்சு சூடு பண்ணிட்டு முயற்சி பண்ணுங்க. எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டையிலன்னு அட்டையில படம் போட்டு குத்தி வைங்க, பழசுல ஒண்ணு இன்னொண்ணுல சேரணும்னு கட்டாயம் இல்ல.

கட்டைக்கு வருவோம், பெரும்பாலும் வால்நட்டா இருக்கும். கருப்பா இருக்கறது ரொம்ப வருஷமா எண்ணெய் இறங்கினது. அசிட்டோன்ல சாக் பவுடர குழைச்சு மேல அப்பி காய விட்டா எண்ணெய உறிஞ்சு பவுடர் பழுப்பாகும், தட்டிட்டு திரும்பவும் அப்பணும், ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்துல நெருப்பு கூடவே கூடாது. ஒரிஜினல் பூச்சு நல்லா இருக்கற இடத்துல இத பண்ணாதீங்க, அசிட்டோன் கரைச்சுடும். அமுங்கின பள்ளத்துக்கு ஈரத்துணிய வச்சு இஸ்திரிப்பெட்டி முனையால தொட்டா ஆவி இறங்கி நார் உப்பி எழும்பும், வெட்டுப்பட்டு நார் அறுந்திருந்தா எழும்பாது. அப்புறம் பாயில்டு லின்சீட் ஆயில சொட்டு சொட்டா உள்ளங்கையால தேய்ச்சு, காய விட்டு அடுத்த கோட். துடைச்ச துணிய மட்டும் கசக்கி மூலையில போட்டுடாதீங்க, லின்சீட் ஆயில் காயும்போது தானா சூடாகி துணி பத்திக்கும், தண்ணில நனைச்சு வைங்க.

குழல் உள்பக்கத்த போல்ட் பக்கத்துலேர்ந்து ராடு விட்டுத் துடைங்க, வாய்ப்பக்கத்துலேர்ந்து விட்டா ராடு உரசி விளிம்பு தேயும். பழைய தோட்டா ப்ரைமர்கள்ல, அதாவது தோட்டா அடியில மருந்த பத்த வைக்கற சின்ன மூடில, பொட்டாசியம் குளோரேட் இருந்துச்சு, சுட்ட பிறகு அது பொட்டாசியம் குளோரைடா, கிட்டத்தட்ட நம்ம உப்பு மாதிரி ஒண்ணா உள்ள தங்கும், காத்துல இருக்கற ஈரத்த இழுத்து துரு வர வைக்கும். எண்ணெய்ல அது கரையாது, அதனால முதல்ல சுடுதண்ணி, நல்லா காஞ்ச பிறகு எண்ணெய்.

சுடலாமாங்கறதுக்கு: கன்ஸ்மித் பாக்காம ஒரு ரவுண்டு கூட வேணாம். புகையில்லா மருந்து 1884ல தான் பிரான்ஸ்ல பால் வியெய் கண்டுபிடிச்சார், அதுக்கு முன்னாடி வடிவமைச்சது எல்லாமே கருமருந்து அழுத்தத்துக்கு செஞ்சது, இப்ப வர்ற தோட்டா பொருந்தினாலும் தாங்கும்னு அர்த்தம் இல்ல. கன்ஸ்மித் அறைய அச்சு எடுத்து அளவு பாப்பார், ஹெட்ஸ்பேஸ் கேஜ் (போல்ட் மூடினப்போ தோட்டாவுக்கு இருக்கற இடைவெளி சரியான்னு பாக்கற அளவுகோல்) போட்டுப் பாப்பார், கட்டையில விரிசல் இருக்கான்னும் பாப்பார். அவர் வேணாம்னா சுவத்துல அழகுக்கு மாட்டிக்கலாம், அதுக்கும் உங்க ஊர் சட்டம் இடம் தரணும். எப்படி வச்சாலும் இரும்பு மேல மைக்ரோகிறிஸ்டலைன் மெழுகு மெல்லிசா ஒரு கோட் பூசுங்க, தோல் உறைக்குள்ள மட்டும் வைக்காதீங்க, தோல் ஈரத்த பிடிச்சு வச்சுக்கும், சில மாசத்துலயே செந்துரு திரும்ப வந்துடும்.