ஸ்விட்சை மாற்றிய பிறகும் சூடேறுவது ஏன்?

கேள்வி: என்னிடம் 2004ஆம் ஆண்டு டீசல் பிக்கப் வண்டி இருக்கிறது. மன்னவனூர்ப் பக்கமிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு இரவில் வத்தலக்குண்டுக்கு இறங்குவது என் தொழில். மலைப்பாதையில் பனிமூட்டம் அதிகம் என்பதால், முன் பம்பரில் 55 வாட் பனிமூட்ட விளக்குகள் இரண்டை வெளியே வாங்கிப் பொருத்தி, டாஷ்போர்டில் அதற்குத் தனி ஸ்விட்சும் வைத்திருக்கிறேன். இப்போது ஸ்விட்ச் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. விரலால் அழுத்திப் பிடித்தால் நின்று எரிகிறது. புது ஸ்விட்ச் போட்டும் சில வாரங்களில் பழைய கதைதான். 10 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி போனதால் பட்டறையில் 30 ஆம்பியர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: முதல் வேலையாக அந்த 30 ஆம்பியர் பியூஸைக் கழற்றிவிடுங்கள். மற்றதெல்லாம் நாளைக்குச் செய்தாலும் இதை இன்றே செய்ய வேண்டும். பியூஸ் இருப்பது வயரைக் காப்பதற்காக. மெல்லிய வயருக்கு 30 ஆம்பியர் பியூஸ் போட்டால், எங்காவது வயர் உராய்ந்து பாடியில் பட்டதும் பியூஸுக்கு முன்பே வயர் பற்றிக்கொள்ளும். 55 வாட் விளக்குகள் இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். என்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட் வரை ஏறுவதால் அது 10 ஆம்பியரைத் தொடும். போதாததற்கு, குளிர்ந்திருக்கும் பல்பு இழை எரியத் தொடங்கும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். எனவே 10 ஆம்பியர் பியூஸ் போனதில் வியப்பில்லை. இந்தச் சுமைக்குப் பொருத்தமானது நீல நிறத்தில் வரும் 15 ஆம்பியர் பியூஸ். அதுவும் போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள். அதைத் தேட வேண்டுமே தவிர, பியூஸின் அளவைக் கூட்டக் கூடாது.

இனி ஸ்விட்சுக்கு வருவோம். உள்ளே ஒரு செம்புத் தகட்டை ஸ்பிரிங் தள்ளிக்கொண்டுபோய் பாயிண்ட்டில் அமர்த்துகிறது. விளக்கை அணைக்கும் ஒவ்வொரு முறையும் அங்கே சிறு தீப்பொறி தோன்றி, பாயிண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிப் பள்ளம் விழுகிறது. அந்தக் கருகலில் 0.1 ஓம் மின்தடை ஏற்பட்டாலே, 10 ஆம்பியர் பாயும்போது 1 வோல்ட் அங்கேயே வீணாகி, கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் 10 வாட் வெப்பமாகிவிடும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் இளகி, ஸ்பிரிங் தளர்ந்துவிடுவதால்தான் நீங்கள் அழுத்திப் பிடித்தால் மட்டும் விளக்கு எரிகிறது.

புது ஸ்விட்சும் ஏன் தாங்கவில்லை என்பதற்கான விடை பெரும்பாலும் அதன் முதுகுப்பக்கம் இருக்கிறது. ஸ்விட்சைக் கழற்றி, வயர் முனையில் அடித்திருக்கும் சிறு உலோகப் பிடிப்பான லக்கைப் பாருங்கள். அது நீலம் பாரித்து, அருகில் உள்ள வயரின் உறை பழுப்பாகி விறைத்திருந்தால், அந்த லக் சூட்டில் பிடிப்பை இழந்துவிட்டது. அதே லக்கைப் புது ஸ்விட்சில் செருகினால் சூடு மறுபடியும் அங்கிருந்தே தொடங்கும். செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம் வரை வயரை வெட்டிவிட்டுப் புது லக் அடிக்க வேண்டும்.

ஐயமிருந்தால் மல்டிமீட்டர் தெளிவாகச் சொல்லிவிடும். விளக்கை எரியவிட்டு, மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஸ்விட்சுக்கு வரும் வயரிலும் மறுமுனையை விளக்குக்குப் போகும் வயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் ஸ்விட்சோ லக்கோ கெட்டிருக்கிறது. பம்பரில் எர்த் போல்ட் துருப்பிடித்தாலும் விளக்கு மினுக்கும் என்றாலும், அப்போது மின்னோட்டம் குறைவதால் ஸ்விட்ச் சுடாது. உங்கள் வண்டியில் சுடுவதால் குற்றம் ஸ்விட்ச் பக்கம்தான் என்று துணிந்து சொல்லலாம்.

நிரந்தரத் தீர்வு ரிலே வைப்பதுதான். ரிலே என்பது, ஸ்விட்ச் தரும் சிறு மின்னோட்டத்தால் இயங்கி, விளக்குக்கான பெரிய மின்னோட்டத்தைத் தானே இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த ஸ்விட்ச். இதைச் செய்யாமல் எத்தனை ஸ்விட்ச் மாற்றினாலும் பணம்தான் வீண். பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பழைய வண்டியின் டாஷ்போர்டு எளிதில் விரிசல் விடும் என்பதால், ஸ்விட்சை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையால் எடுங்கள். வயர்களைப் பிரிக்கும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட், 30 ஆம்பியர், நான்கு கால் ரிலே போதும். அதன் கால்களில் எண்கள் பொறித்திருக்கும்: பேட்டரி பிளஸிலிருந்து 15 ஆம்பியர் பியூஸ் வழியாக வரும் வயர் 30க்கு, 87லிருந்து விளக்குகளுக்கு, ஸ்விட்சிலிருந்து வரும் வயர் 86க்கு, 85 எர்த்துக்கு. பியூஸைப் பேட்டரிக்கு மிக அருகில் வையுங்கள். தள்ளி வைத்தால் இடையில் உள்ள வயருக்குப் பாதுகாப்பு இல்லை. விளக்குக்குப் போகும் வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். இப்படிச் செய்தால் ரிலேயின் காயிலுக்குத் தேவையான, 0.2 ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டமே ஸ்விட்ச் வழியாகப் போகும். சாதாரண ஸ்விட்ச்கூடப் பல ஆண்டு உழைக்கும்.

ஸ்விட்சுக்கு வரும் மின்சாரத்தைச் சாவியின் ஏசிசி (ACC) நிலையில், அதாவது என்ஜினை இயக்காமல் ரேடியோ போன்றவற்றுக்கு மட்டும் மின்சாரம் வரும் நிலையில், உயிர்பெறும் வயரிலிருந்து எடுங்கள். சந்தையில் இறக்கும் அவசரத்தில் விளக்கை அணைக்க மறந்தாலும், சாவியை எடுத்ததும் அணைந்துவிடும், பேட்டரி இறங்காது. என்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் வயர், தகட்டில் உள்ள துளையில் ரப்பர் வாஷர் இல்லாமல் நுழையக் கூடாது. ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்தினால் மழைநீர் தேங்காது.

எல்லாம் முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டு அரைமணி நேரம் விளக்கை எரியவிட்டு, பிறகு ஸ்விட்சையும் பியூஸ் ஹோல்டரையும் தொட்டுப் பாருங்கள். ஸ்விட்ச் குளிர்ந்தே இருக்க வேண்டும். ஹோல்டர் சுட்டால் அங்கே லக் சரியாக அமரவில்லை. அதை இறுக்கிவிட்டு மலையேறுங்கள்.