அதிக உதிரப்போக்கை உணவால் கட்டுப்படுத்த முடியுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். எடை 72 கிலோ, உயரம் 155 செ.மீ. ஒன்றரை ஆண்டாக மாதவிடாய் எட்டு, ஒன்பது நாட்கள் நீடிக்கிறது. முதல் மூன்று நாட்களில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது. கட்டி கட்டியாகவும் போகிறது. ஹீமோகுளோபின் 8.6 என்றார்கள். ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் தள்ளிப்போட்டு வருகிறேன். மூன்று மாதமாக பீட்ரூட் சாறு, மாதுளை, பேரீச்சம்பழம், வாழைப்பூ என்று சாப்பிட்டும் பெரிய மாற்றம் இல்லை. உணவாலேயே இதைச் சரிசெய்ய முடியுமா? வயதுக்கு வந்து ஓராண்டு ஆன என் மகளுக்கும் அதிகமாகவே போகிறது. இது பரம்பரையா?

பதில்: முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். உதிரப்போக்கின் அளவையே உணவு குறைப்பது மிகச் சில சூழல்களில்தான். ஆனால் அந்த உதிரப்போக்கு உங்கள் உடலை எந்த அளவுக்கு வற்றச் செய்கிறது என்பதில் உணவுக்குப் பெரிய பங்கு உண்டு. இவை இரண்டும் தனித்தனி வேலைகள். முதலாவதற்கு மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டாவதை உங்கள் சமையலறையில் தொடங்கலாம். மூன்று மாதமாக நீங்கள் சிரத்தையோடு சாப்பிட்டும் பலன் தெரியாததற்குக் காரணம் உங்கள் முயற்சியில் குறையிருப்பது அல்ல. முதல் வேலையை இரண்டாவதிடம் ஒப்படைத்துவிட்டதுதான்.

மாதவிடாயில் சராசரியாக வெளியேறும் இரத்தம் 30 முதல் 40 மில்லி வரை. 80 மில்லியைத் தாண்டினால் அதிக உதிரப்போக்கு என்பது பழைய வரையறை. யாரும் அளந்து பார்ப்பதில்லை என்பதால், இன்று மருத்துவர்கள் அந்தப் பெண்ணின் அன்றாட வாழ்க்கை அதனால் பாதிக்கப்படுகிறதா என்பதையே முக்கியமாகப் பார்க்கிறார்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்துவிடுவது, ஏழு நாட்களைத் தாண்டுவது, ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் வெளிவருவது, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருப்பது ஆகியவை தெளிவான அடையாளங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் நிலை ஐயத்துக்கு இடமின்றி இந்த வகையில் அடங்குகிறது.

இனி இரும்புச் சத்தின் கணக்கைப் பார்ப்போம். வீட்டு வரவு செலவுக் கணக்கைப் போன்றதுதான் இது. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மி.கி. இரும்பு இருக்கிறது. உங்கள் இப்போதைய நிலையில் 100 மில்லி இரத்தம் வெளியேறினால் ஏறத்தாழ 29 மி.கி. இரும்பு அதோடு போய்விடும். இதைத் தவிர, தோல், குடல் வழியாக எல்லோருக்கும் நாளொன்றுக்கு ஒரு மி.கி. அளவில் செலவாகிக்கொண்டே இருக்கும். வரவுப் பக்கம் என்ன இருக்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மி.கி. இரும்பு உணவில் இருக்க வேண்டும். இவ்வளவு அதிகமாகச் சொல்லப்படுவதற்குக் காரணம், தானியமும் பருப்பும் காய்கறியும் நிறைந்த நம் உணவிலுள்ள இரும்பில் 8 சதவீதம்தான் உடலில் சேரும் என்று கணக்கிட்டிருப்பதே. அதாவது 29 மி.கி.யை முழுமையாகச் சாப்பிட்டாலும் உள்ளே சேர்வது இரண்டரை மி.கி.க்கும் குறைவு. பற்றாக்குறை உள்ள உடல் இதைவிடச் சற்றுக் கூடுதலாக உறிஞ்சும் என்றாலும், பற்றாக்குறையின் அளவு அதைவிடப் பெரியது: உங்கள் ஹீமோகுளோபினை 8.6-இலிருந்து 12-க்குக் கொண்டுவர இரத்தத்துக்கு மட்டுமே 400 மி.கி.க்கு மேல் இரும்பு தேவைப்படும். சேமிப்பை நிரப்புவது அதற்கும் அப்பால். மாதந்தோறும் இவ்வளவு வெளியேறிக்கொண்டிருக்கும்போது உணவால் மட்டும் இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. இரும்புச் சத்து மாத்திரை உங்களுக்குக் கட்டாயம் தேவை.

நீங்கள் சாப்பிட்ட பொருட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தத்தைப் பெருக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பீட்ரூட்டில் 100 கிராமுக்கு ஒரு மி.கி. இரும்புகூட இல்லை, மாதுளையில் அதைவிடவும் குறைவு. நான்கு பேரீச்சம்பழத்தில் கிடைப்பது அதிகம் போனால் ஒன்று, இரண்டு மி.கி. இவை நல்ல உணவுகள்தான், விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் தினமும் சாறு பிழிவதற்குச் செலவிடும் பணத்தையும் நேரத்தையும் வேறு பொருளுக்குத் திருப்புங்கள். வாழைப்பூவின் துவர்ப்பு உதிரப்போக்கைக் கட்டும் என்பது தலைமுறைகளாக வரும் நம்பிக்கை. பொரியலாகவும் வடையாகவும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என்ற அளவிலுள்ள உதிரப்போக்கை அது நிறுத்தும் என்று நம்பிக் காத்திருப்பது சரியல்ல.

அப்படியானால் எதைச் சாப்பிடுவது? கொள்ளு, கம்பு, கறுப்பு எள், கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை, முளைக்கீரை ஆகியவை நம் ஊரில் குறைந்த விலையில் கிடைக்கும் இரும்பு மிகுந்த உணவுகள். கொள்ளில் 100 கிராமுக்கு எட்டு மி.கி.க்கு மேலும் கம்பில் ஆறு மி.கி.க்கு மேலும் இரும்பு உள்ளது. ஆனால் எதைச் சாப்பிடுகிறோம் என்பதைவிட அதை எதனோடு சேர்த்துச் சாப்பிடுகிறோம் என்பதே என் பார்வையில் முக்கியமானது. தானியத்திலும் பயறிலும் உள்ள ஃபைடேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது ஆகிய மூன்றும் அந்தப் பிடியைத் தளர்த்தும். இரவு கரைத்து வைத்துக் காலையில் குடிக்கும் புளித்த கம்பங்கூழும், முளைகட்டிய கொள்ளுச் சுண்டலும் இந்த வகையில் சிறந்தவை. நம் பாட்டிமார் கைப்பழக்கமாகவே செய்துவந்த வேலை இது.

அடுத்தது வைட்டமின் சி. ஒவ்வொரு வேளை உணவிலும் அது ஏதேனும் ஒரு வடிவில் இருக்கட்டும்: சுண்டல் மீது பிழிந்த எலுமிச்சை, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள நெல்லிக்காய்த் துவையல், சாப்பிட்டு முடித்ததும் ஒரு கொய்யாப்பழம். கொய்யாவில் 100 கிராமுக்கு சுமார் 200 மி.கி. வைட்டமின் சி உள்ளது. மாதுளையின் விலையோடு ஒப்பிட்டால் மிக மலிவு. வைட்டமின் சி சூட்டில் அழியக்கூடியது என்பதால், எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிவதே நல்லது. புளிக்குழம்பையும் தக்காளி சேர்த்த குழம்பையும் இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியின் இரும்பும் குழம்பில் சிறிது இறங்கும். பூச்சு இல்லாத பழைய இரும்புச் சட்டி வீட்டில் இருந்தால் அதை மீண்டும் எடுத்துப் புழங்குங்கள்.

தேநீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உணவோடு குடிக்கும் தேநீர், அந்த உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடக்கூடும். காபி அதைவிடச் சற்றுக் குறைவாகக் கெடுக்கும். தையல் வேலையின் அலுப்புக்குத் தேநீர் எவ்வளவு தேவை என்பதை அறிவேன். அதை விடச் சொல்லவில்லை. காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். பதினொரு மணித் தேநீரும் நான்கு மணித் தேநீரும் அப்படியே இருக்கலாம். இட்லியோடு சேர்த்துக் குடிப்பதும் சாப்பிட்ட கையோடு குடிப்பதும்தான் கூடாது. தயிரிலுள்ள கால்சியமும் இரும்பைத் தடுக்கும் என்று சொல்லிச் சிலர் தயிரையே நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தடை சிறியது. தயிர்ச் சோற்றைக் கைவிட வேண்டியதில்லை.

அசைவம் சாப்பிடுபவர் என்றால் உங்கள் வழி சற்று எளிது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஹீம் இரும்பு, தாவர இரும்பைவிடப் பல மடங்கு நன்றாக உடலில் சேர்வதோடு, அதே தட்டிலுள்ள கீரையின் இரும்பையும் கூடுதலாக உறிஞ்ச உதவும். வாரத்துக்கு ஒரு முறை ஆட்டு ஈரலோ சுவரொட்டி எனப்படும் ஆட்டு மண்ணீரலோ சாப்பிடுவது மிகப் பயனுள்ளது. இரத்தம் குறைந்தவர்களுக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுக்கும் நம் வழக்கத்தில் உண்மை இருக்கிறது. மண்ணீரல் இரும்பு மிகுந்த உறுப்பு. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: கருவுற்றிருப்பவர்கள் ஈரலை மருத்துவரிடம் கேட்காமல் சாப்பிடக் கூடாது. சைவர்கள் இரும்போடு பி12 அளவையும் ஒரு முறை சோதித்துக்கொள்ள வேண்டும். மாதவிடாய் நாட்களில் முட்டை, மீன், எள் ஆகியவை சூடு என்று ஒதுக்கி வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். உடல் மிகுதியாக இழக்கும் நாட்களில் உணவையும் குறைப்பது எனக்கு மிகுந்த வேதனை தரும் வழக்கம். கழிப்பறைக்கு அடிக்கடி போக முடியாது என்பதற்காகத் தண்ணீரைக் குறைப்பதும் அப்படியே. அந்நாட்களில் உப்பிட்ட மோர் கையோடு இருக்கட்டும்.

உதிரப்போக்கின் அளவையே உணவு குறைக்கும் சூழல்கள் மிகச் சில என்றேன் அல்லவா, அவற்றில் ஒன்று உடல் எடை. கொழுப்புத் திசுவும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை உற்பத்தி செய்கிறது. எடை அதிகமாக இருக்கும்போது சில மாதங்களில் கருமுட்டை வெளிப்படாமல் போகலாம். அப்போது ஈஸ்ட்ரோஜனுக்கு ஈடுகட்டும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்காததால் கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்து, பிறகு மிகுதியாக உதிர்கிறது. உங்கள் எடையில் 5 சதவீதம், அதாவது மூன்றரை கிலோ குறைந்தாலே சுழற்சி சீராகத் தொடங்கும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் பட்டினி கிடந்து குறைக்காதீர்கள். சோற்றின் அளவைக் குறைத்துப் பயறையும் காயையும் கூட்டுங்கள். இரத்தசோகையோடு கடுமையான உடற்பயிற்சியும் இப்போது வேண்டாம்.

மாத்திரையைப் பற்றிச் சில சொற்கள். இரும்புச் சத்து மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொண்டால் நன்றாகச் சேரும். குமட்டினால் உணவுக்குப் பிறகு எடுக்கலாம். மலம் கறுப்பாகப் போவது இயல்பே. கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது. ஒரு மாத்திரை எடுத்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, அடுத்த ஒரு நாளுக்கு இரும்பு உள்ளே வருவதைக் குறைத்துவிடுகிறது. அதனால் வயிற்றுத் தொந்தரவு அதிகமாக இருப்பவர்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுப்பதும் பலனளிக்கிறது. உங்களுக்கு எது பொருந்தும் என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டதும் நிறுத்திவிடாமல், சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

ஸ்கேனைத் தள்ளிப்போடுவது பற்றி உங்களிடம் கண்டிப்பாகவே பேச விரும்புகிறேன். நார்த்திசுக் கட்டி, உட்சவ்வில் வளரும் பாலிப், உட்சவ்வுத் திசு கர்ப்பப்பையின் தசைக்குள் வளரும் அடினோமயோசிஸ், தைராய்டு குறைவு, காப்பர்-டி என அதிக உதிரப்போக்குக்குப் பல காரணங்கள் உண்டு. இவற்றில் எந்த ஒன்றையும் வாழைப்பூவோ கொள்ளோ கண்டுபிடித்துச் சொல்லாது. எடை அதிகமுள்ளவர்களுக்கு உட்சவ்வில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் தோன்றும் வாய்ப்பும் கூடுதல் என்பதால் அதையும் பார்த்துத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நீங்கள் அஞ்சுவதுபோல, இதற்கு முதல் சிகிச்சை கர்ப்பப்பையை எடுப்பது அல்ல. மாதவிடாய் நாட்களில் மட்டும் எடுக்கும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை உதிரப்போக்கை ஏறத்தாழ பாதி வரை குறைக்கக்கூடியது. இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் நோய் வந்தவர்களுக்கு அது ஆகாது என்பதால் மருந்துக்கடையில் நீங்களாக வாங்கக் கூடாது. கர்ப்பப்பைக்குள் வைக்கப்பட்டு ஹார்மோனை மெல்லச் சுரக்கும் சாதனம் பெரும்பாலானோருக்கு இதைவிடவும் நன்றாகப் பலனளிக்கிறது. யாரேனும் முதல் சந்திப்பிலேயே கர்ப்பப்பையை அகற்றச் சொன்னால், இந்த இரண்டும் ஏன் எனக்குப் பொருந்தாது என்று கேளுங்கள். இன்னொரு மருத்துவரின் கருத்தையும் பெறுங்கள். அது உங்கள் உரிமை. ஒரு மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நாப்கின் தொடர்ந்து நனைந்தாலோ, எழுந்து நின்றால் கண் இருண்டாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.

மகளைப் பற்றிக் கேட்டது மிகவும் நல்லது. வயதுக்கு வந்த ஓரிரு ஆண்டுகளில் சுழற்சி சீராகாததால் அதிகமாகப் போவது பல பெண் குழந்தைகளுக்கு நேர்வதுதான். ஆனால் முதல் மாதவிடாயிலிருந்தே மிகுதியாகப் போய், மூக்கிலிருந்து அடிக்கடி இரத்தம் வருதல், லேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போதல், பல் பிடுங்கினால் இரத்தம் நிற்காமை ஆகியவையும் சேர்ந்திருந்தால், வான் வில்லபிராண்ட் என்ற பரம்பரை இரத்த உறைவுக் குறைபாட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கும் இளவயது முதலே இப்படி இருந்ததா, பிரசவத்தின்போது இரத்தம் அதிகம் போனதா என்பதை நினைவுபடுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். மகள் பச்சரிசியையோ பல்பத்தையோ மென்று தின்பதைப் பார்த்தால் திட்டாதீர்கள். அது கெட்ட பழக்கம் அல்ல, பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவின் அறிகுறி. பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல நிற மாத்திரையை அவள் உண்மையிலேயே விழுங்குகிறாளா என்று அன்போடு கேளுங்கள். நீங்கள் ஸ்கேனுக்குப் போகும் நாளில் அவளையும் அழைத்துச் சென்று ஹீமோகுளோபினும், இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள். கடந்த மூன்று மாதங்களில் எந்த நாளில் எத்தனை நாப்கின் மாற்றினீர்கள் என்பதை நினைவிலிருக்கும் வரை நாட்காட்டியில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். மாத்திரை தொடங்கிய நான்காவது வாரத்தில் மறுபடி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் ஒரு கிராம்கூட ஏறியிருக்காவிட்டால் குடற்புழு, உறிஞ்சுதல் குறைபாடு, குறையாத உதிரப்போக்கு ஆகியவற்றில் எது தடுக்கிறது என்று பார்த்து, சிரை வழியாக இரும்புச் சத்து ஏற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.